கோணத்திலிருந்து கோட்டாற்றுக்கு

படித்த பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் குமரி. பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசே பாதிச் சம்பளம் தரும் திட்டங்களும் இருக்கின்றன. ஆனாலும் நம் தெருக் கடைகளுக்கு அந்தப் பிள்ளைகள் ஏன் வந்து சேரவில்லை?

கோட்டாறு கம்போளத்தில் எந்தக் கடை முன்னால் நின்றாலும் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு கியூ.ஆர். அட்டை கண்ணில் படும். பக்கத்திலிருக்கும் சின்ன ஒலிப்பெட்டி, எத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்லும். வடசேரி கனகமூலம் சந்தையில் கீரைக்கட்டு விற்கும் ஆச்சிகூட போனில் காசு வாங்கிக்கொள்கிறார். 2016 ஏப்ரலில் நாட்டுக்கு அறிமுகமான யு.பி.ஐ., பத்தாண்டுக்குள் நாஞ்சில் நாட்டின் சந்தைகளில் சாதாரணமாகிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு, நம்மூர் வணிகம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள்.

கல்லாவுக்குக் கீழே குனிந்து பார்த்தால் கதை வேறு. அங்கே நீள நோட்டு கிடக்கிறது. பற்று எழுதுவது அதில்தான். கொள்முதல் பில்கள் கம்பியில் குத்தித் தொங்குகின்றன. குடோனில் எத்தனை மூடை உளுந்து மிச்சம் என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்தால் கடையில் யாருக்கும் தெரியாது. மாதம் பிறந்ததும் அந்தப் பில்களெல்லாம் ஒரு மஞ்சள் பையில் ஏறி ஆடிட்டர் ஆபீசுக்குப் போகின்றன. காசு வாங்கும் வழி மாறியிருக்கிறது. கடை நடத்தும் முறை அப்படியே இருக்கிறது.

இதை மாற்ற மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. டேலி வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிறது. போனிலேயே பில் போடும் செயலிகள் பல இருக்கின்றன. சிலவற்றுக்குக் காசே வேண்டாம். பற்றாக்குறை எல்லாம் ஆளுக்குத்தான். கடைக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நின்று, போனபின் மறுபடி உட்கார்ந்து, இரண்டு மூன்று மாதம் பொறுமையாகக் கூட இருந்து பழக்கிவிடும் ஆள் வேண்டும். விற்பனைப் பிரதிநிதி ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போய்விடுவார். கடைக்காரரின் மகன் பெங்களூருவிலோ துபாயிலோ இருப்பான்.

அந்த ஆள் எங்கே கிடைப்பார் என்று தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கோணத்துக்குப் போனால் போதும்.

எல்லாம் ஒரே இடத்தில்

நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. சிறுதொழில்களுக்கு வழிகாட்ட வேண்டிய மாவட்டத் தொழில் மையமும், தொழிற்பேட்டையும் அதே கோணத்தில்தான். கோட்டாறு கம்போளம் அங்கிருந்து சில கிலோமீட்டர். இன்னும் ஊருக்குள் வந்தால் 1893-ல் கல்லூரியான ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-ல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. மேற்கே போனால் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி. நடுவே சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் பொறியியல் கல்வி. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கட்டாயப் பாடமாகிவிட்டது. ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டம், பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஏதாவது ஒரு தொழிலிடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கலை அறிவியல் மாணவர்களுக்கும் யு.ஜி.சி. அதற்கு மதிப்பெண் ஒதுக்கச் சொல்கிறது. எங்கே போவார்கள்? வசதியுள்ளவர்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறுகிறார்கள். ஒரு மாதம் விடுதி வாடகை கட்டி, ஒரு மூலையில் உட்கார்ந்து, சான்றிதழோடு திரும்புகிறார்கள். வசதியில்லாதவர்களில் பலர் இணையத்தில் பணம் கட்டிச் சான்றிதழை வாங்கிவிடுகிறார்கள். கல்லூரிகளுக்கும் இது தெரியும். ஆனால் வேறு வழி காட்ட அவர்களிடம் இடம் இல்லை. தெருவுக்குத் தெரு கடை இருக்கிற ஊரில் பயிற்சிக்கு இடம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாலு பேர் இருந்தால்தான் கதவு திறக்கும்

அரசிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் நடக்கிறது. என்.ஏ.டி.எஸ். என்பார்கள். தென்மாநிலங்களுக்கு அதன் அலுவலகம் சென்னை தரமணியில். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோ படித்தவருக்கு 8,000 உதவித்தொகை என்று 2019 விதிகள் சொல்லின. அதில் பாதியை, அதாவது 4,500 அல்லது 4,000 ரூபாயை, மத்திய அரசு ஏற்கும். பொறியியல் மட்டுமல்ல, பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களும் சேரலாம். படிக்கும்போதே பயிற்சியும் சேர்ந்து வரும் பட்டப்படிப்பு என்றால் மாணவராக இருக்கும்போதே சேரலாம். 2016-ல் தொடங்கிய இன்னொரு திட்டமான என்.ஏ.பி.எஸ்.-ல் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், அரசு தரும். இந்தப் பங்கு இப்போது பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது.

ஆனால் விதியில் ஒரு வரி இருக்கிறது. பழகுநரைச் சேர்க்க அந்த நிறுவனத்தில் குறைந்தது நான்கு பேர் வேலை செய்ய வேண்டும். முப்பது பேரோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது வரை விருப்பம்போல். நான்குக்குக் கீழே என்றால் வழியே கிடையாது. கம்போளத்தில் அப்பாவும் மகனும் ஒரு எடுபிடியும் நடத்தும் கடைகள்தான் அதிகம். தோவாளையில் பூ விற்பவரும் அவர் மனைவியும் சேர்ந்து இரண்டு பேர். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி தனியாகவே உட்கார்ந்திருப்பார். எந்த வணிகத்துக்கு இன்னொரு ஆளின் உதவி அதிகம் தேவையோ, அதே வணிகத்தை விதி வெளியே நிறுத்துகிறது.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் இன்னும் உயரத்தில் இருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஐந்து ஆண்டில் ஒரு கோடி இளைஞர்கள், மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசு பங்கு, தொடக்கத்தில் ஒருமுறை 6,000. பயிற்சி தருவது நாட்டின் முதல் 500 பெரிய கம்பெனிகள். முதல் சுற்றில் 82,000-க்கும் மேற்பட்ட வாய்ப்புக் கடிதங்கள் போயின. வந்து சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான். வெளியூரில் 5,000 ரூபாயில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு எப்படி இருப்பது என்று ஒரு தோவாளைப் பையன் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதே 5,000 ரூபாய், வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போகும் கடைக்கு என்றால் அவன் சந்தோஷமாகப் போவான்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சியை வகுப்பறைக்கே கொண்டுவந்த திட்டம் அது. அதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கற்ற திறன் போய் இறங்கும் இடமாகச் சிறு கடையை அது இன்னும் எண்ணவில்லை.

முதல் வாரம் என்ன நடக்கும்?

ஒரு பி.காம். மாணவி கோட்டாற்றுப் பலசரக்குக் கடை ஒன்றில் வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வாள்? சரக்குப் பட்டியல் போடுவாள். கேட்க எளிதாக இருக்கும். சிரமமே அங்கேதான். மென்பொருள் 'அலகு என்ன?' என்று கேட்கும். அரிசி வருவது சிப்பத்தில், உளுந்து வருவது மூடையில், எண்ணெய் டின்னில், கருப்பட்டி பெட்டியில். விற்பதோ கால் கிலோவும் நூறு கிராமும். ஒரு மூடை எத்தனை கிலோ என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் இருப்பு சரியாகக் காட்டும். இதைத் தவறாகப் போட்டுவிட்டு, 'கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது' என்று மூடிவைத்த கடைகள் ஏராளம். மிளகாய் வத்தலில் நீட்டு, குண்டு என்று ரகம் வேறு; விலை வேறு. விருதுநகரிலிருந்து வரும் பில்லில் அந்தச் சரக்கு ஒரு பெயரில் இருக்கும், கடைப்பையன் வாயில் வேறு பெயரில் இருக்கும். இரண்டையும் ஒன்று என்று சொல்லக்கூடியவர் கல்லாவில் இருக்கும் முதலாளி மட்டும்தான். ஆகவே அவளும் அவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

அப்புறம் பற்று நோட்டு. அதில் 'பள்ளிவிளை டீச்சர்', 'ஒழுகினசேரி ஆட்டோ', 'மாடி வீட்டுக்காரர்' என்றுதான் பெயர்கள் இருக்கும். மென்பொருள் போன் நம்பர் கேட்கும்.

"மக்களே, இந்த நோட்டுல எங்கப்பா காலத்துப் பற்றும் கெடக்கு. அதையும் ஏத்தணுமா?"

"வேண்டாம் மாமா. இப்ப வாங்குறவங்க பேர மட்டும் சொல்லுங்க. அவங்க அடுத்தாட்டி வரும்போது நம்பர் கேட்டுக்கிடலாம்."

இப்படித்தான் அது நகரும். ஒரு மாதம் கழித்து, வெளியே நிற்கும் பற்று மொத்தம் எவ்வளவு என்று முதலாளி முதல்முறையாக ஒரே எண்ணாகப் பார்ப்பார். அந்த எண் அவரைத் திடுக்கிட வைக்கலாம். ஆனால் வங்கியில் கடன் கேட்கப் போவதற்கும், பற்றை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பதற்கும் அந்த எண்தான் ஆதாரம்.

ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடை என்றால் வேலை இன்னும் முக்கியம். மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கும் தர வேண்டும். நடுவே 14-ஆம் தேதி இணையதளத்தில் ஒரு பட்டியல் வரும். நமக்குச் சரக்கு கொடுத்தவர் எந்தெந்தப் பில்லைக் கணக்கில் காட்டியிருக்கிறார் என்பது அதில் இருக்கும். அதில் இல்லாத பில்லுக்கு, நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரியிலிருந்து இது கண்டிப்பான விதி. கம்பியில் குத்திய பில்லையும் அந்தப் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்டதற்குச் சப்ளையரிடம் போன் போட்டுக் கேட்பது ஒரு பி.காம். மாணவி அரைநாளில் செய்யும் வேலை. கேட்க ஆளில்லாத கடையில் அந்தக் காசு அப்படியே போய்விடுகிறது.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 என்ற அடுக்குகள் பெரும்பாலான சரக்குகளுக்குப் போயின. பொட்டலம் போட்ட காரத் தின்பண்டங்களின் வரி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம் போட்டு விற்கும் நாகர்கோவில் கடைக்காரருக்கு அது நல்ல சேதி. ஆனால் ஒரே இரவில் விலைப்பட்டியலையும் பில் மென்பொருளையும் மாற்ற வேண்டியிருந்தது. பெரிய கடைகளில் ஆள் இருந்தது. சின்னக் கடைக்காரர், மென்பொருள் விற்றவர் போனை எடுப்பாரா என்று காத்திருந்தார்.

சிப்ஸ் கடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொட்டலத்தின் மேல் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, விலை, தயாரித்த நாள், சேர்மானம், பச்சைப் புள்ளி எல்லாம் சரியாக அச்சிட்டால்தான் வெளியூர்க் கடை வாங்கும், இணையத் தளம் ஏற்கும். நம் சிப்ஸின் ருசியை நம்பி வாங்க உலகமெங்கும் குமரிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒட்டவேண்டிய லேபிள் சரியில்லாததால் அந்தச் சரக்கு ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

தோவாளையும் வடசேரியும்

எல்லாக் கடைக்கும் ஒரே மருந்து எடுபடாது. தோவாளைப் பூச்சந்தை விடியுமுன் கூடும். பிச்சி, மல்லி, கேந்தி, அரளி, வாடாமல்லி, கொழுந்து என்று வந்து இறங்கும்; கேரள வியாபாரிகள் வந்து அள்ளிப் போவார்கள். ஓணம் நேரத்தில் விலை மணிக்கு மணி மாறும். அங்கே போய் யாரும் பில் மென்பொருள் பேசக் கூடாது. அங்கே உதவக்கூடியது வேறு. அன்றன்றைக்கு எந்தப் பூ எந்த விலைக்குப் போனது என்பதை ஒரே இடத்தில் பதிந்துவந்தால், இரண்டு வருடத்தில் எந்த வாரம் எந்தப் பூவுக்கு விலை விழும் என்று விவசாயிக்குத் தெரியும். முந்தைய மாலையே திருவனந்தபுரம் வியாபாரியின் தேவையை வாட்ஸ்அப்பில் வாங்கிவைத்தால் மறுநாள் குப்பைக்குப் போகும் பூ குறையும். கமிஷன் கடையில் கொடுக்கும் துண்டுச் சீட்டு, விவசாயியின் போனிலும் ஒரு செய்தியாகப் போய்ச் சேரட்டும். இவ்வளவுதான், இதற்கு ஒரு மாணவரும் ஒரு போனும் போதும்.

அதே தோவாளையின் மாணிக்கமாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளரளியும் சிவப்பரளியும் நொச்சி இலையும் வைத்து மாணிக்கக் கல் பதித்ததுபோல் மடித்துக் கட்டும் கைவேலை. 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கும், அதற்கு முன்னே கிராம்புக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் நாகர்கோவில் கோயில் நகைக்கும் குறியீடு வந்துவிட்டது. குறியீடு வந்தால் போதும், விலை ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உற்பத்தியாளர் தனித்தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தால்தான் அந்த முத்திரையைத் தன் சரக்கில் போடலாம். வடசேரி ஆசாரி செய்யும் பரதநாட்டிய நகையின் பெயரில், எங்கோ வார்த்த மலிவுச் சரக்கு இணையத்தில் விற்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், சொந்தப் பெயரில் ஒரு பக்கம், பயனாளர் பதிவுக்கான விண்ணப்பம் இந்த மூன்றையும் செய்துகொடுக்க ஒரு மாணவிக்கு ஒரு மாதம் போதும். ஆசாரிக்கு அது ஆயுசுக்கும் உதவும்.

தொழில் நடக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய யோசனையும் இல்லை. திருவிதாங்கூர் காலத்தில், 1924-ல், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தத் தொடங்கினார். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதை, கூட்டைப் பிழியாமல் தேன் எடுப்பதை, விவசாயியின் தோட்டத்துக்கே ஆள் அனுப்பிச் செய்துகாட்டினார்கள். சேர்ந்து விற்பதற்குக் கூட்டுறவும் பின்னால் வந்தது. இன்றைக்கும் மார்த்தாண்டம் தேன் என்றால் ஒரு மதிப்பு இருக்கிறதே, அது புத்தகம் படித்து வந்ததில்லை. கூட நின்று கற்றுக்கொடுத்ததால் வந்தது.

மற்றவர்கள் செய்தது

கனடா 2022 மார்ச்சில் 400 கோடி டாலரில், நான்கு ஆண்டுக்கு என்று ஒரு திட்டம் தொடங்கியது. சிறு நிறுவனம் டிஜிட்டலுக்கு மாற ஒரு செயல்திட்டம் எழுதிக்கொள்ள 15,000 டாலர் வரை மானியம். அதைச் செயல்படுத்த ஒரு மாணவரையோ இளைஞரையோ வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் 7,300 டாலர் வரை அரசு கொடுக்கும். 1,60,000 நிறுவனங்கள், 28,000 இளைஞர்கள் என்று இலக்கு வைத்தார்கள். நாலு வருடம் முடியுமுன், 2024 பிப்ரவரியில், புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். அந்தத் திட்டத்தில் ஆலோசகர் எழுதும் அறிக்கை முதலில், மாணவர் பிறகு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பின்பாதியை மட்டும் என்பது என் கருத்து. கோட்டாற்றுக் கடைக்கு அறிக்கை வேண்டாம். டொராண்டோ நகரத்தில் அதற்கு முன்பே நடந்தது இன்னும் பொருத்தம்: வணிகர் சங்கங்களோடு சேர்ந்து, இளைஞர் குழுக்கள் கடை கடையாக ஏறி இறங்கி உதவினார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 2022-23-ஐத் தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்தபோது, உள்ளாட்சி அமைப்புகளில் உட்கார 1,153 இளம் பட்டதாரிகளைப் பயிற்சியாளர்களாக எடுத்தார்கள். தொழில் தொடங்க வருபவருக்குப் பதிவு, உரிமம், கடன் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் கூடவே இருப்பது அவர்கள் வேலை. அந்த ஆண்டில் 1,39,840 புதிய தொழில்கள் என்று அரசு கணக்குக் காட்டியது. கணக்கைப் பற்றி அங்கே சர்ச்சையும் நடந்தது. ஆனால் பஞ்சாயத்து ஆபீசில் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது மறுக்க முடியாத மாற்றம். பாறசாலையில் இருப்பது குழித்துறையில் ஏன் இல்லை?

கடைக்காரரின் பயம் நியாயமானது

'எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினா வரிக்காரன் வந்துருவான்' என்ற பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது. பால், காய்கறி விற்பவர்களுக்கும் போனது. பெங்களூருவில் பல கடைகள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதிவைத்தன. சேதி நாகர்கோவிலுக்கும் வந்தது. ஆனால் அந்தச் சம்பவத்தைக் கூர்ந்து பார்த்தால், காசு வந்ததற்கு ஆதாரம் இருந்தது; விற்ற சரக்கு வரிவிலக்குள்ளது என்பதற்குக் கணக்கு இல்லாதவர்களே அதிகம் திண்டாடினார்கள். சரக்கு வணிகத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, காய்கறிக்கும் பாலுக்கும் வரியே இல்லை என்பதை நிரூபிக்கக் கணக்குதான் கைகொடுக்கும். கடைக்கு வரும் மாணவருக்கு இந்த அடிப்படை முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வந்தால் நல்லது செய்யப்போய்க் கெடுதல் ஆகிவிடும்.

இன்னும் சில கண்டிப்புகள் வேண்டும். யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் வங்கிக் கடவுச்சொல்லையும் மாணவர் கேட்கவும் கூடாது, கடைக்காரர் சொல்லவும் கூடாது. எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் கடைக்காரரின் போன் நம்பரில்தான் தொடங்க வேண்டும். மாணவரின் மெயிலில் தொடங்கிவிட்டு அவர் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனபின் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும் கடைகள் உண்டு. மறுபக்கம், பயிற்சிக்கு வந்த பிள்ளையை மூடை தூக்கவும் டீ வாங்கவும் அனுப்பக் கூடாது. பெண் பிள்ளைகள் வரும் கடையில் அவர்கள் பாதுகாப்புக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். இரண்டிரண்டு பேராக அனுப்புவது நல்லது. சம்பளம் இல்லாத பயிற்சி என்பது வேண்டவே வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளையின் உழைப்பைச் சான்றிதழுக்காகச் சுரண்டுவது அது.

ஒரு கடைக்கு 3,375 ரூபாய்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத்தில் 300 மாணவர்கள், ஒருவருக்கு ஒரே தெருவில் நான்கு கடைகள், மூன்று மாதம். மாத உதவித்தொகை 9,000 ரூபாய். பாதி அரசு, பாதி கடைகள். அரசின் செலவு 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். பயன்பெறுவது 1,200 கடைகள். ஒரு கடைக்கு அரசு தருவது 3,375 ரூபாய்தான். கடைக்காரர் தருவது மாதம் 1,125 ரூபாய். தன் கைக்காசு போனால்தான் அவர் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்; அதனால் முழு மானியத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

நான்கு பேர் என்ற விதியைத் தாண்டவும் வழி உண்டு. தனிக்கடையைப் பார்க்காமல், வணிகர் சங்கத்தையோ கூட்டுறவையோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையோ பயிற்சி தரும் நிறுவனமாக ஏற்கும்படி மத்திய விதியில் திருத்தம் கேட்கலாம். என்.ஏ.பி.எஸ். திட்டத்தில் சிறு நிறுவனங்களுக்கு ஆள் சேர்த்துத் தரும் இடைநிலை அமைப்புகளுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. அந்த இடத்தை இன்னும் சற்று அகலமாக்கினால் போதும். அது வரும்வரை மாநில அரசு 'நான் முதல்வன்' நிதியிலேயே தொடங்கலாம். மேற்பார்வைக்குக் கோணத்துத் தொழில் மையம். பாடம் கல்லூரியில், மதிப்பெண்ணும் கல்லூரியில். மூன்று மாதம் முடிந்தபின் ஆறாவது மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்து, கடைக்காரர் தானே பில் போடுகிறாரா என்று சோதித்தே மதிப்பெண் தர வேண்டும். சான்றிதழ் எண்ணிக்கையை வைத்து இந்தத் திட்டத்தை அளந்தால் அது அன்றைக்கே செத்துவிடும்.

இதற்காகக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. உங்கள் கடையில் நான்கு பேருக்குக் குறையாமல் வேலை செய்கிறார்களா? என்.ஏ.டி.எஸ். இணையதளத்தில் நிறுவனமாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு பட்டதாரிப் பிள்ளைக்குப் பாதிச் சம்பளத்தை அரசு தரும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் அதையும் செய்யுங்கள். அது முழுக்க இலவசம், பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கல்லூரி முதல்வர்கள் அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் தங்கள் பக்கத்துச் சந்தையின் வணிகர் சங்கத்தை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், உங்கள் தெருவில் இருக்கும் பலசரக்குக் கடைக்குப் போய், கணக்கெழுத உதவட்டுமா என்று கேளுங்கள்.